கரையில் நின்ற போட்டு

என் மகளுக்கு இந்த ஏப்ரலில் பரீட்சை முடிந்த மறுநாளே லீவு தீர்ந்துவிட்டது. காலையில் நீச்சல் வகுப்பு, அது முடிந்தால் கீபோர்டு, சாயங்காலம் ஏதோ மனக்கணக்குப் பயிற்சி. மதுரையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நிற்கின்றன. ஒருநாள் நீச்சல் முடிந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "நீ சின்னப்புள்ளையா இருக்கும்போது லீவுக்கு எங்கம்மா போவ?" என்று கேட்டாள்.

"போட்டுக்குப் போவோம்" என்றேன்.

"கடலுக்கா? சூப்பர்."

"கடலுக்கு இல்ல. போட்டு கரையில நிக்கும். அதுல ஏறி உக்காந்திருப்போம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஷெட்டில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்து லீவைக் கழித்தேன் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பாள். கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அதைவிட நல்ல லீவை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. அந்த போட்டு கடலில் இறங்கிய பிறகு அதில் ஒரே ஒரு தடவைகூட நான் ஏறவில்லை என்பதும் இந்த வயது வரைக்கும் எனக்குத் தீராத குறை. அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வேன் வந்துவிட்டது.

செய்தித்தாளில் விசைப்படகு என்று எழுதுவார்கள். எங்கள் பாம்பனில் அது போட்டு. கோடையில் மீன்கள் சினைப்படும் காலம் என்பதால் போட்டுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டுவிடும். அந்தத் தடையும் எங்கள் பள்ளிக்கூட லீவும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு லீவு என்றால் பள்ளிக்கூடம் இல்லை, அவ்வளவுதான். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு லீவு என்றால் அப்பன்மார் வீட்டில் இருப்பார்கள்.

மற்ற மாதங்களில் அய்யாவை நான் பெரும்பாலும் படுத்த வாக்கில்தான் பார்த்திருக்கிறேன். கடலிலிருந்து வருவார், குளிப்பார், சாப்பிடுவார், விழுந்து தூங்குவார். நானும் தம்பியும் வீட்டுக்குள் மூச்சு விட்டால்கூட அம்மா விரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள். அவர் எழுந்து சட்டை போட்டால் மறுபடி கடலுக்குக் கிளம்புகிறார் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் டீசல் வாசனை இருந்தால் அய்யா இருக்கிறார், இல்லாவிட்டால் இல்லை. பாசத்துக்கு ஒன்றும் குறைவில்லை. நேரம்தான் இல்லை.

தடை வந்ததும் அந்த மனிதர் திடீரென்று எழுந்து நிற்பார். பகலில் முழித்திருப்பார். முதல் சில நாட்கள் வீட்டுக்குள் அவருக்கு எங்கே நிற்பது என்றே தெரியாது. அடுப்பங்கரையில் போய் டப்பாக்களை எடுத்து இடம் மாற்றி வைப்பார். உப்பைக் காணோம், மிளகைக் காணோம் என்று அம்மா தேடுவாள். "நீங்க கடலுக்குப் போனாத்தான் எனக்கு வீடு வீடா இருக்கு. எங்கிட்டாச்சும் போங்களேன்" என்பாள். அதற்காகவே காத்திருந்தது போல எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொண்டு கரைக்குக் கிளம்பிவிடுவார்.

கரையில் போட்டு ஏறியிருக்கும். ஏற்றுகிற அன்று ஊரே திரண்டு வடம் பிடித்து இழுக்கும். கீழே உருட்டுக் கட்டைகளைப் போட்டுக்கொண்டே போவார்கள். இழுத்து நிறுத்தி இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அது வீடு மாதிரி அசையாமல் நிற்கும். கடலில் பாதி மறைந்து கிடந்தது கரைக்கு வந்ததும் எவ்வளவு பெரிய உடம்பு என்று தெரியும். அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி ஒட்டியிருக்கும். ஆட்கள் சுரண்டச் சுரண்ட அது கொட்டுகிற சத்தமும் வெயிலில் எழும்புகிற நாற்றமும் எனக்கு இன்றைக்கும் லீவின் சத்தம், லீவின் நாற்றம். என் மகளுக்கு அது குளோரின் வாசனையாக இருக்கும்.

போட்டின் நிழலில்தான் மத்தியானச் சாப்பாடு. ஊரெல்லாம் எங்களைத் தினமும் வஞ்சிரம் தின்கிறவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்க, தடைக்காலம் முழுக்க எங்களுக்குக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்காயும்தான். எப்போதாவது, தடை இல்லாத நாட்டுப் படகுக்காரர் யாராவது நாலு மீனைக் கொடுத்தால் அன்றைக்கு விருந்து. அம்மா தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு முட்டுக் கட்டைக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்துகொள்வாள். மேலே ஏற மாட்டாள். ஏணி இருந்தது, கரையில்தான் நின்றது, ஆனாலும் ஏற மாட்டாள்.

எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். வயசுக்கு வந்த பெண்கள் போட்டில் கால் வைப்பதில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை வைக்கிற சாமியாரிடம் கேட்டால் அப்படியெல்லாம் வேதத்தில் இல்லை என்பார். அவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருக்கா மீன் கிடைக்க வேண்டும்? அம்மா வீட்டில் காய்கிற வலையைக்கூடத் தாண்ட மாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள். தன் புருஷன் உயிரையும் பிழைப்பையும் சுமந்து போகிற போட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கீழே நின்று, "அதுக்குள்ள படுக்க இடம் இருக்கா? காத்து வருமா?" என்று என்னிடம்தான் கேட்பாள். நான் சின்னப்பிள்ளை, எனக்குத் தடை இல்லை. அய்யா என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி மேலே விடுவார்.

மேலே போனால் அது என் ராஜ்ஜியம். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தம்பி கயிறு இழுக்கிற ஆள். பாவம், அவனுக்கு அதிலெல்லாம் ஆசையே கிடையாது. அசையாத போட்டில் நின்றே தலை சுற்றுகிறது என்பான். மீன் போடுகிற அறைக்குள் இறங்கிக் கத்தினால் குரல் நாலு மடங்காகத் திரும்பி வரும். அய்யா பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துப் பூசிக்கொண்டே, "டிரைவரம்மா, எங்கன போவுது வண்டி?" என்பார். "தனுஷ்கோடி தாண்டியாச்சு" என்பேன். "டீசல் இருக்கா பாத்துக்க, நடுக்கடல்ல நின்னுட்டா நான் நீந்தி வர மாட்டேன்" என்பார். வருஷம் முழுக்க வீட்டில் பேசாத பேச்சையெல்லாம் அந்த ஆள் கரையில் பேசித் தீர்ப்பார்.

பெயிண்ட் அடிக்கும்போது சக்கர அறையின் நெற்றியில் உள்ள சிலுவை என் பங்கு. வெள்ளை பெயிண்ட். ஒரு வருஷம் சிலுவையின் ஒரு கை நீளமாகிவிட்டது. எஞ்சின் பார்க்கிற சித்தப்பா அதைத் துடைத்துவிட்டுத் திருப்பி அடிக்கலாம் என்றார். இந்தச் சித்தப்பா ரத்த உறவு இல்லை, அய்யாவைவிட வயதில் மிக இளையவர், பல வருஷம் அய்யாவின் போட்டில் எஞ்சின் பார்த்தவர். அய்யா ஒத்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும்டா. அந்தக் கை கொஞ்சம் நம்ம பக்கம் நீண்டா என்ன கொறஞ்சு போவுது" என்றார். அந்த வருஷம் முழுக்கக் கோணல் சிலுவையோடுதான் போட்டு கடலில் அலைந்தது. கரைக்கு வரும்போதெல்லாம் தூரத்திலிருந்தே எங்கள் போட்டு எது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் ஊரில் எதைச் சொன்னாலும் பாலம் வந்துவிடும், இதிலும் வந்துவிட்டது. ஒரு தடவை ராமநாதபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் போனோம். பழைய பாலத்தில் ரயில் நடக்கிற வேகத்தில்தான் ஊரும். கீழே ஒரு போட்டு போய்க்கொண்டிருந்தது. நான் ஜன்னலில் கையை விட்டு ஆட்டினேன். போட்டில் இருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். யாரோ எவரோ. ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்கு அதே நினைப்பு. கல்யாணச் சாப்பாடுகூட இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து அய்யாவிடம், மேலேயிருந்து கை காட்டியாயிற்று, எனக்கு இனிக் கீழேயிருந்து காட்ட வேண்டும் என்றேன்.

அய்யா யோசித்தார். தடை முடியப் போகிற வாரத்தில் போட்டைக் கடலில் இறக்கி ஒரு ஓட்டம் விட்டுப் பார்ப்பார்கள். வெள்ளோட்டம். வலை இருக்காது, ஐஸ் இருக்காது, பிழைப்பு எதுவும் அதில் இல்லை. எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறதா, எங்காவது தண்ணீர் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தெருச் சின்னப் பிள்ளைகள் சிலரும் அதில் ஏறிக்கொள்வதுண்டு. "வெள்ளோட்டத்தன்னைக்குக் கூட்டிட்டுப் போறேன் தாயி. சாயங்காலம் மதுரை வண்டி வர்ற நேரமாப் பாத்து பாலத்துக்குக் கிட்டக்க கொண்டு போயி நிப்பாட்டுறேன். நீ ஆசை தீர கை காட்டு" என்றார்.

சொன்ன வருஷம் எனக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைக்கு நடுவில் படுத்துக்கொண்டு அழுதேன். அடுத்த வருஷம் காற்று சரியில்லை, பிள்ளைகள் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த வருஷம் எஞ்சினில் கோளாறு, வெள்ளோட்டம் விடிகாலையில் நடந்து முடிந்தே போயிற்று. ஒவ்வொரு தடவையும் அய்யா, "அடுத்த தடை எங்க போயிரும், வரத்தான செய்யும்" என்பார். நானும் நம்பினேன். தடை வருஷம் தவறாமல் வரத்தான் செய்யும். ஆனால் எனக்கும் வயது ஏறுகிறது என்பதை அந்தக் கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் சேர்க்கவில்லை.

அம்மா சேர்த்திருந்தாள். நான் ஏழாவது முடித்த வருஷம் எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சடங்காகிக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டில் குலவைச் சத்தம் கேட்டாலும் அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அய்யாவிடம் வெளிப்படையாகவே சொன்னாள்: "கூட்டிட்டுப் போறதுன்னா இந்த வருசம் கூட்டிட்டுப் போயிருங்க. அடுத்த வருசம்னு வச்சுக்கிராதிய." அய்யா தலையை நிமிர்த்தாமல், "இந்த வருசம் யாரு தடுத்தாலும் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அந்தக் கோடையில் அவர் வேலை செய்த வேகத்தைப் பார்த்துச் சித்தப்பா கேலி செய்வார். மற்ற போட்டுகளுக்கு அடிப்பலகை காய்வதற்குள் எங்கள் போட்டு நீலமும் மஞ்சளுமாகத் தயாராகிவிட்டது. நான் சிலுவையை அளவு பார்த்து நேராக அடித்தேன். கடலில் இறக்குகிற அன்று கரையில் நின்று கைதட்டினேன். அது தண்ணீரில் விழுந்து ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து மிதந்தது. அதன் மேல் ஏறி நிற்க எனக்கு இன்னும் ஓர் இரவுதான் பாக்கி. மறுநாள் சாயங்காலம் வெள்ளோட்டம். ஈஸ்டருக்கு எடுத்த சிவப்புப் பாவாடைதான் ரயிலில் இருப்பவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும் என்று எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் நான் வயசுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு விவரம் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். நடந்தது இன்னதென்று பார்த்த உடனே தெரிந்தது. ஆனால் அம்மாவிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை நான். காலில் முள் குத்தினால் ஓடிப்போய்ச் சொல்வது போலவே இதையும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. போட்டு மூழ்கியிருக்காது, மீன் ஓடியிருக்காது. ஒரே ஒரு பகல். எத்தனையோ பொய்களை அசராமல் சொல்லிப் பின்னால் காலம் தள்ளிய எனக்கு, வேண்டிய நேரத்தில் ஒன்று வாயில் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான். ஆனால் அழுதுகொண்டே அவள் கண் சுவரில் தொங்கிய சிவப்புப் பாவாடைக்குப் போனதை நான் பார்த்தேன். வீட்டுப் பின்பக்க அறையில் ஒரு மூலையில் பாய் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். தலைமாட்டில் ஒரு இரும்புத் துண்டு, அதன் பக்கத்திலேயே ஒரு ஜெபமாலை. இரண்டில் எது என்னைக் காக்கும் என்று அம்மாவுக்கே சந்தேகம் போல. மாமன் வீட்டுக்கு ஆள் போயிற்று. உளுந்தங்களி வந்தது. நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் வந்தன. தெருப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அய்யா மத்தியானம் வந்தார். அறை வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "புள்ள சாப்டுச்சா?" என்று அம்மாவிடம் கேட்டார். நான் உள்ளேதான் இருந்தேன், என்னிடமே கேட்டிருக்கலாம். கொஞ்ச நேரம் நின்றார். வெள்ளோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். பேசவில்லை. "சரி, நான் வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். முன்தினம் வரை கக்கத்தில் பிடித்துத் தூக்கியவர்.

சாயங்காலம் எஞ்சின் சத்தம் கேட்டது. கரையில் எத்தனை போட்டு ஓடினாலும் எங்கள் எஞ்சின் எனக்குத் தெரியும். அதற்கு நடுவில் ஒரு இருமல் உண்டு. அது கரையை விட்டு நகர்ந்து பாலத்துப் பக்கம் போவதை நான் சுவரைப் பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்தேன். சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மதுரை வண்டி பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்டது. இப்போது அய்யா கை காட்டுகிறார், தம்பி கை காட்டுகிறான், மேலேயிருந்து யாரோ ஒரு பிள்ளை பதிலுக்குக் கை காட்டுகிறது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க எல்லார் மேலும் கோபம் வந்தது.

தம்பி திரும்பி வந்ததும் கதவோரம் கூப்பிட்டு, "ரயிலப் பாத்தியா?" என்று கேட்டேன். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது. வாந்தி எடுத்துட்டு உள்ள படுத்துட்டேன். இனிமே என்னைக் கூப்பிட்டா கொன்னுருவேன்" என்றான். கடலைக் கண்டாலே குமட்டுகிறவனுக்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை. அவன் இப்போது சிங்கப்பூரில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். கப்பலில் இலவசமாகக் கூட்டிப் போனாலும் ஏற மாட்டான்.

அதற்குப் பிறகும் தடை வந்தது, லீவும் வந்தது. போட்டு அதே இடத்தில் கரையேறியது. நான் தூக்குச்சட்டியோடு அம்மா பக்கத்தில், முட்டுக் கட்டைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். மேலே வா என்று அய்யா கூப்பிடவில்லை, நானும் ஏணியைப் பார்க்கவில்லை. சிலுவையைத் தம்பி அடித்தான், ஸ்கேல் வைத்து அடித்தது மாதிரி நேராக. ஒரு வருஷம் போனேன், மறு வருஷம் போகவில்லை. வீட்டில் டிவி வந்திருந்தது.

அய்யாவுக்கு என்னிடம் பேச்சு குறைந்துவிட்டது. சண்டை இல்லை, கோபம் இல்லை. வளர்ந்த பெண்ணிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எதுவானாலும் அம்மா வழியாகத்தான். "புள்ளைக்கு என்ன வேணும்னு கேளு" என்பார், புள்ளை எதிரில் நின்றுகொண்டிருக்கும். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குச் சொன்ன வாக்கை மறந்துவிட்டு ஆண்பிள்ளைகளோடு போய் ரயிலுக்குக் கை காட்டிவிட்டு வந்த ஆள்தானே என்று மனசுக்குள் ஒரு முறுக்கு. ஒரு வார்த்தை, "உன்னால வர முடியாமப் போச்சே தாயி" என்று சொல்லியிருந்தால் போதும். நான் அதை எதிர்பார்த்துக்கொண்டே பத்தாவது முடித்தேன், கல்லூரி முடித்தேன், கல்யாணமாகி மதுரைக்குப் போனேன். என் வீட்டுக்கு வந்தால் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு, "சரி, நான் வாரேன்" என்பார். அதே குரல்.

பழைய மரமெல்லாம் உளுத்துப்போய் ஒருநாள் போட்டை உடைத்துவிட்டார்கள் என்று அம்மா போனில் சொன்னாள். அப்போதாவது அவரிடம் பேசியிருக்கலாம். குழந்தைக்குக் காய்ச்சல், அது இது என்று நாள் போயிற்று. அய்யா போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடைசியில் ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. மாத்திரையைப் பற்றிப் பேசினோம், கஞ்சியைப் பற்றிப் பேசினோம்.

இந்த மே மாதம் நீச்சலுக்கும் கீபோர்டுக்கும் லீவு சொல்லிவிட்டு மகளைப் பாம்பனுக்குக் கூட்டிப் போனேன். புதுப் பாலம் வந்துவிட்டது. பழைய பாலம் பக்கத்தில் வேலை இல்லாமல் நிற்கிறது. கரையில் சுற்றுலாக்காரர்களுக்குச் சின்னப் படகு விடுகிறார்கள். மகள் அதைப் பார்த்ததும் ஏறியே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் போனால், படகு ஓட்டுகிறவர் எஞ்சின் பார்த்த அதே சித்தப்பா. தலை நரைத்துவிட்டது. கடலுக்குப் போக உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, இதை ஓட்டுகிறேன் என்றார். வடக்கத்திப் பெண்கள் நாலைந்து பேர் ஏற்கனவே ஏறி ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏறு தாயி" என்று கையை நீட்டினார்.

நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் அந்தக் காலம். இப்ப பொம்பளையாளுக ஏறலைன்னா எனக்கு யாவாரம் ஏது?" என்று சிரித்தார். ஏறினேன். காலுக்குக் கீழே பலகை அசைந்தது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு, இந்த வயதில், முதல் தடவையாக. மகள் நீச்சல் கற்றவள் என்பதால் எனக்குத் தைரியம் சொன்னாள்.

படகு பாலத்தை நோக்கிப் போயிற்று. கிட்டே போய் எஞ்சினைக் குறைத்துவிட்டு, "இருங்க, வண்டி வர்ற நேரந்தான். எல்லாரும் போட்டோ எடுத்துக்கங்க" என்றார் சித்தப்பா. தூரத்தில் ரயில் பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்டது. எனக்கு இருபது வருஷத்துக்கு மேலாக உள்ளே கிடந்த முறுக்கு அப்போது வாயில் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்: "நான் சடங்கான அன்னைக்கு நீங்கள்லாம் இங்கன வந்து ரயிலுக்குக் கை காட்டிட்டுப் போனீங்கள்ல சித்தப்பா. நான் வீட்டுல உக்காந்து சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரு கை காட்டுனா?" என்றார். "உங்கய்யா பாலத்துக்கு வரவே இல்லையே. அந்தா, அந்தத் தூண் தெரியுதுல்ல, அதுக்கும் அங்கிட்டே எஞ்சின நிப்பாட்டச் சொல்லிட்டாரு. போட்டத் திருப்பி, கரையப் பாத்து, உங்க வீட்டுப் பக்கத்தப் பாத்து நிப்பாட்டிட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. எஞ்சின்லதான் என்னமோ கோளாறுன்னு நான் உள்ள எறங்கித் தேடுறேன். உந்தம்பி வேற வாந்தி எடுக்குறான். வண்டி முழுசாப் போயி முடியிற வரைக்கும் அவரு சக்கரத்த விட்டு நகரல, திரும்பியும் பாக்கல. ஏண்ணேன்னு கேட்டேன். 'அந்தப் புள்ள பாக்காதத நாம எதுக்குடா பாக்கணும்'னாரு."

அவர் காட்டிய தூண் பக்கம் திரும்பினேன்.

"அதுக்கப்புறம் எந்த வருசமும் வெள்ளோட்டத்தப் பாலத்துப் பக்கம் விட்டதில்ல தாயி. கெழக்கதான் விடுவாரு. போட்ட ஒடைக்கிற வரைக்கும். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. அதே வீட்டில் அவரோடு அத்தனை வருஷம் சாப்பிட்டு, தூங்கி, எழுந்தேன், எனக்குத் தெரியாது. அவர் இருக்கும்போது ஒருநாள், எந்த நாளானாலும், "அய்யா, அன்னைக்கு ரயிலப் பாத்தீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவர் பொய் சொல்லத் தெரியாத ஆள். "இல்ல தாயி" என்றிருப்பார். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு நாங்கள் மறுபடி பேசிக்கொண்டிருந்திருப்போம். ஆஸ்பத்திரியில் கஞ்சியைத் தவிர வேறு ஏதாவது பேசியிருப்போம்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். மகள். அவள் கை இன்னும் மேலே தூக்கியபடி இருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. மேலேயிருந்து ஒரு குட்டிப் பையன் பதிலுக்குக் கை காட்டினானாம்.

"நீ ஏம்மா கை காட்டவே இல்ல?" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். பாலம் காலியாக இருந்தது. ரயில் மண்டபம் பக்கம் இறங்கிவிட்டது. நான் அந்த நேரம் முழுக்கக் கரையைப் பார்த்து, எங்கள் வீட்டுப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தேன்.